இலங்கை யானையின் கடைவாய்ப்பல்

1796ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி பாரிஸ் நகரில் அறிஞர்கள் கூடிய சபையொன்றில், 26 வயது இளைஞர் ஒருவர் எழுந்து யானைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர் காட்டில் ஒரு யானையையும் கண்டவரல்லர். ஆசியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போனவருமல்லர். அவரிடம் இருந்தவை மண்டையோடுகள். அவற்றுள் ஒன்று ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. மற்றையது எமது இலங்கையிலிருந்து போனது.

அந்த இளைஞர்தான் ஜோர்ஜ் குவியே. முலையூட்டிகளின் எலும்பையும் பல்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒரு தனி விஞ்ஞானமாக வளர்த்தெடுத்தவர். உயிரியல் படிக்கும் எமக்கு அவர் பெயர் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போகும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எமது நாட்டு யானை ஒன்று நிற்கிறது என்று அறிந்த பிறகே அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எம் யானையின் தலை பாரிஸுக்குப் போனதே ஒரு கதை. கரையோர இலங்கையை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், கீழைத்தேயங்களின் அரும்பொருட்களும் விலங்குகளும் கப்பலேறி ஒல்லாந்து இளவரசர் ஐந்தாம் வில்லியமின் சேகரிப்புக்குச் சென்றன. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. இளவரசர் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். அவர் விட்டுச் சென்ற சேகரிப்பைப் பிரெஞ்சுக்காரர் போர்க் கொள்ளையாகப் பாரிஸுக்கு அள்ளிக்கொண்டு போயினர். தப்பிய இளவரசரோ, ஒல்லாந்தரின் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி அங்கிருந்து கடிதம் எழுதினார். மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஒரே மனிதரின் ஓட்டத்தால் எம் கரையோரம் ஒரு பக்கமும் எம் யானையின் தலை இன்னொரு பக்கமும் போயின. வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்தது இதில் முதற்பாதி மட்டுந்தான்.

யானையின் தந்தம் வெட்டும்பல் என்பது நமக்குத் தெரியும். மேல்தாடையின் வெட்டும்பல்தான் அப்படி நீண்டு வளர்கிறது. ஆனால் குவியே பார்த்தது வாய்க்குள்ளே மறைந்திருக்கும் கடைவாய்ப்பல்லை. யானைக்கு ஒரு பக்கத் தாடையில் வாழ்நாள் முழுவதற்கும் ஆறு கடைவாய்ப்பற்களே உண்டு. அவை எல்லாம் ஒன்றாக முளைப்பதில்லை. முன்னால் உள்ளது தேயத் தேய, பின்னால் இருப்பது மெல்ல முன்னுக்கு நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மென்று தின்ன வழியில்லாமல் கிழட்டு யானை மெலிந்து இறந்துபோகும். பல்லின் மேற்பரப்பில் கடினமான மிளிரி வரம்புகளாக எழுந்து நிற்கும். இலங்கை யானையின் பல்லில் இந்த வரம்புகள் குறுக்கே, ஒடுங்கி, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும். அம்மிக்குப் புதிதாகக் கொத்துப் போட்டாற்போல இருக்கும். ஆபிரிக்க யானையின் பல்லிலோ அவை சாய்சதுர வடிவங்களாக விரிந்திருக்கும்.

அதுவரை உலகத்தில் ஒரே வகை யானைதான் உண்டு என்றே பலரும் எண்ணியிருந்தனர். இந்த வேறுபாடு உணவாலோ காலநிலையாலோ வரக்கூடியதன்று, இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று குவியே சொன்னார். அத்தோடு நின்றிருந்தால் அவரை விலங்கியலாளர் மட்டுமே நினைவு வைத்திருப்பர். அவர் மூன்றாவதாக இன்னொரு தாடையையும் எடுத்துக்கொண்டார். அது சைபீரியாவின் உறைநிலத்தில் கிடைத்த மம்மத்தின் தாடை. அதன் பல்லில் வரம்புகள் இன்னும் மெல்லியவை, இன்னும் நெருக்கமானவை. இலங்கை யானையுடையதைப் போலத் தோன்றினாலும் அதுவல்ல. ஆபிரிக்க யானையுடையதும் அல்ல. அப்படியானால் அந்த விலங்கு எங்கே?

இன்றைக்கு இந்தக் கேள்வி இலகுவாகத் தெரிகிறது. அன்றைக்கு அது பெரிய கேள்வி. படைக்கப்பட்ட ஓர் உயிரினம் அடியோடு இல்லாமற் போகும் என்று நம்ப ஐரோப்பாவில் பலர் தயாராக இருக்கவில்லை. வெப்ப நாட்டு யானைகளின் பிணங்களை வெள்ளம் வடக்கே அடித்துச் சென்றிருக்கும் என்றனர் சிலர். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன்கூட, மனிதர் போகாத காடுகளில் மம்மத் இன்னமும் உலவுகிறது என்றே எண்ணியிருந்தார். நத்தை, சிப்பி என்றால் ஆழ்கடலில் ஒளிந்திருக்கிறது என்று சொல்லித் தப்பலாம். யானையளவு விலங்கு எங்கே போய் ஒளிவது? அது அழிந்துவிட்டது என்று குவியே அறிவித்தார். ஆத், ஸமூத் கூட்டத்தாரின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பூமியில் வலிமையோடு வாழ்ந்த ஒன்று சுவடு மட்டும் மிஞ்ச மறைந்துபோவது புதிய செய்தியன்று. ஆனால் அதைப் பல்லைக் காட்டி நிறுவியது இதுவே முதற்றடவை என்று சொல்லலாம்.

குவியே 1769 ஓகஸ்ட் 23இல் மொன்பெலியார் என்ற சிறு நகரில் பிறந்தார். அது இன்று பிரான்ஸில் இருந்தாலும் அன்று ஒரு ஜேர்மன் சிற்றரசருக்குச் சொந்தமானது. தந்தை ஓய்வுபெற்ற படைவீரர். வீட்டில் வசதி குறைவு. ஜோர்ஜ் என்பது அவருக்கு முறைப்படி இடப்பட்ட பெயரே அன்று. அவருக்கு முன் பிறந்து இறந்துபோன அண்ணனின் பெயரைச் சொல்லி வீட்டார் அழைக்க, அதுவே நிலைத்துவிட்டது. தாய்க்கு இலத்தீன் தெரியாது. இருந்தும் ஒவ்வொரு நாளும் மகனை முன்னால் இருத்தி, அவன் இலத்தீன் பாடத்தை ஒப்புவிக்கக் கேட்பாராம். இந்த இடத்தை வாசித்தபோது, ஆங்கிலம் தெரியாமலேயே எங்கள் ஆங்கிலப் பாடத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் உம்மாமாரை நினைத்துக்கொண்டேன்.

சிறுவயதில் புபோன் என்ற பிரெஞ்சு அறிஞரின் விலங்கியல் நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றிலுள்ள படங்களைப் பார்த்து வரைந்து நிறம் தீட்டுவதே அவரது விளையாட்டு. பிறகு ஸ்டுட்கார்ட்டில் படித்தார். படித்து முடிந்ததும் அரச உத்தியோகம் கிடைக்கவில்லை. 1788இல் நோர்மண்டியில் ஒரு பிரபு குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பாரிஸில் தலைகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் குவியே நோர்மண்டிக் கடற்கரையில் சிப்பியையும் கணவாயையும் அறுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தார். அவருடைய திறமை பாரிஸுக்கு எட்டியது. 1795இல் அங்குள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில் உதவியாளராகச் சேர்ந்தார். அவரை வரவேற்றவர்களுள் முக்கியமானவர் அவரிலும் மூன்று வயது இளையவரான ஜெபுருவா என்ற பேராசிரியர். யானைத் தாடைகள் அங்கேதான் அவருக்காகக் காத்திருந்தன.

குவியேயின் அடிப்படை எண்ணத்தை விளங்கிக்கொள்ள நாம் பாரிஸுக்குப் போகத் தேவையில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் உழ்ஹிய்யாவுக்கு மாடு பார்க்கப் போகிறவர்கள் அதன் கீழுதட்டை இழுத்துப் பல்லைப் பார்ப்பார்கள். மாட்டுக்கு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏறத்தாழ அந்த வயதில்தான் முன்னாலுள்ள பாற்பற்கள் இரண்டு விழுந்து, பெரிய நிலைத்த பற்கள் முளைக்கும். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பல்லே இல்லை. தடித்த முரசுதான் இருக்கிறது. புல்லை நாக்கால் வளைத்து, கீழ்ப்பல்லால் அந்த முரசில் அழுத்திப் பறிக்கும். பின்னாலுள்ள கடைவாய்ப்பற்கள் அகன்று வரம்புகளோடு இருக்கும். தாடை மூட்டு தட்டையாக இருப்பதால் தாடை பக்கவாட்டில் அசைந்து அரைக்கும்.

பூனையை எடுத்துக்கொண்டால் எல்லாம் மாறிவிடும். வேட்டைப்பல் நீண்டு கூர்மையாக இருக்கும். கடைவாய்ப்பல் கத்தரிக்கோல் போல ஒன்றோடொன்று உரசி இறைச்சியை வெட்டும். தாடை மூட்டு கதவுக் கீல் போல மேலும் கீழும் மட்டுமே திறக்கும். இறைச்சியைத் தின்ன வேண்டுமானால் இரையைப் பிடிக்க வேண்டும். பிடிக்க நகம் வேண்டும். நகத்தை இயக்க அதற்கேற்ற விரலெலும்பு வேண்டும். பாய முதுகெலும்பு வளைய வேண்டும். குடல் குறுகியதாக இருக்கலாம். ஓர் உடலில் எந்த உறுப்பும் தனித்து நிற்பதில்லை என்றும், ஒன்று மாறினால் மற்றவையும் மாறியிருக்க வேண்டும் என்றும் குவியே கண்டார். ஆகவே ஒரு பல் கிடைத்தால் தாடையையும், தாடையிலிருந்து காலையும் ஓரளவுக்கு ஊகிக்கலாம்.

இதை அவர் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். பாரிஸின் மொன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியெடுக்கும்போது ஒரு சிறு விலங்கின் வன்கூடு கல்லுக்குள் பதிந்தபடி கிடைத்தது. தாடையையும் பல்லையும் பார்த்த குவியே, இது இன்று அமெரிக்காவில் வாழும் ஒப்போசம் வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்தார். ஒப்போசம் கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும் கூட்டத்தது. அக்கூட்டத்து விலங்குகளுக்கு இடுப்பெலும்பின் முன்னால் இரண்டு மெல்லிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதி இன்னும் கல்லுக்குள் மூடியே இருந்தது. 1804இல் சிலரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஊசிமுனையால் கல்லைச் சுரண்டத் தொடங்கினார். அவர் முன்கூட்டியே சொன்ன இடத்தில் இரண்டு எலும்புகளும் வெளிப்பட்டன. விஞ்ஞானத்தில் இதைவிட அழகான நிமிடங்கள் அதிகம் இருக்காது என்பது என் எண்ணம்.

ஆனாலும் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கலிக்கோதீரியம் என்ற அழிந்துபோன முலையூட்டிக்குப் பல்லைப் பார்த்தால் இலைதழை தின்னும் விலங்கு. காலில் குளம்பு இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருந்ததோ பெரிய நகங்கள். இந்தப் பல்லும் இந்த நகமும் ஒரே விலங்குக்குரியவை என்பது குவியேக்குப் பிந்திய தலைமுறைகளில்தான் தெளிவானது.

1798இல் உயிருள்ள இரண்டு யானைகளும் பாரிஸுக்கு வந்து சேர்ந்தன. ஹான்ஸ், பார்க்கி என்ற அவையும் அதே ஒல்லாந்து இளவரசரின் விலங்குகள். அவையும் இலங்கையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவையே. அவை இசையை உணருமா என்று பார்க்க அவற்றின் முன் இசைக்குழு வாசித்ததாம். ஹான்ஸ் 1802இல் இறந்தபோது குவியேயே அதை அறுத்து ஆராய்ந்தார். குளிர் நாட்டில் கூட்டுக்குள் கிடந்து இறந்த அந்த மிருகத்தின் எலும்புகள் பின்னர் எத்தனையோ சுவடுகளுக்கு அளவுகோலாகப் பயன்பட்டன.

அதன்பின் அவர் ஏறிய படிகள் பல. 1800 முதல் 1805 வரை ஐந்து தொகுதிகளாக ஒப்பீட்டு உடலமைப்பியல் விரிவுரைகள் வெளிவந்தன. 1812இல் சுவடெலும்புகள் பற்றிய நான்கு தொகுதிகளும், 1817இல் விலங்கு இராச்சியத்தை நான்கு பெரும் கிளைகளாகப் பிரித்த நூலும் வந்தன. நெப்போலியன் அவரைக் கல்வித்துறைப் பொறுப்புகளில் அமர்த்தினார். நெப்போலியன் வீழ்ந்தார், மன்னர்கள் மாறினர், குவியேயின் நாற்காலி மட்டும் அசையவில்லை. இது சாமர்த்தியமா, வேறு ஏதாவதா என்பதை வாசிப்பவர்களே தீர்மானிக்கட்டும். தம்பி பிரெடரிக்கும் விலங்கியலாளர். முலையூட்டிகளின் பற்களைப் பற்றி மட்டுமே 1825இல் ஒரு நூலை வெளியிட்டவர் அவர்.

கூர்ப்பை அவர் ஏற்கவில்லை. எகிப்திலிருந்து ஜெபுருவா கொண்டுவந்த பதப்படுத்தப்பட்ட பறவைகளையும் பூனைகளையும் அளந்து பார்த்து, பல ஆயிரம் ஆண்டுகளிலும் மாற்றமேயில்லை என்றார். அந்தக் காலம் போதாது என்று லாமார்க் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. லாமார்க் இறந்த பின் குவியே எழுதிய இரங்கலுரையில்கூட இரக்கம் குறைவு என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டு வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்தது துயரம். 1804இல் அவர் மணந்த பெண்மணி, புரட்சிக் காலத்தில் கணவரைக் கொலைப்பொறிக்குப் பறிகொடுத்த விதவை. அவருடைய மகன் அல்பிரட், தந்தை இடத்திலிருந்த குவியேக்காக இந்தியாவுக்கு வந்து விலங்குகளைச் சேகரித்து அனுப்பி, 1824இல் சென்னையில் காலமானார். மகள் சோபி, குவியேக்குப் படங்கள் வரைந்து கொடுத்தார். அந்தப் பெண்ணின் கையும் கண்ணும் இல்லாமல் குவியேயின் வேலைகளில் ஒரு பகுதி வெளிவந்திராது. குவியேக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளும் அவருக்கு முன்னரே இறந்தனர். கடைசியாக எஞ்சிய கிளெமந்தைன் 1827இல், திருமணம் நெருங்கியிருந்த வேளையில், 22 வயதில் காசநோயால் போனாள்.

இந்தத் தந்தைக்காக மனம் கசிந்துகொண்டிருந்தபோதுதான் சாரா பார்ட்மானைப் பற்றிப் படித்தேன்.

சாரா தென்னாபிரிக்காவின் கொய்கொய் இனப் பெண். 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, உடலமைப்புக்காக மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிப் பொருளாக்கப்பட்டார். 1814இல் பாரிஸுக்குக் கைமாறினார். அங்கே அவரைக் காட்சிக்கு வைத்தவன் மிருகங்களைப் பழக்கிக் காட்டுபவன். 1815 மார்ச்சில் நூதனசாலைத் தோட்டத்துக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். அறிஞர்கள் சுற்றி நின்றார்கள், ஓவியர்கள் வரைந்தார்கள், குவியேயும் அங்கிருந்தார். அவர்கள் கேட்டபடி முழுவதும் ஆடை களைய சாரா மறுத்தார். ஒரு கைக்குட்டையால் தன்னை மறைத்துக்கொண்டார். உலகமே தன்னை வேடிக்கை பார்த்தபோதும் அந்த ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த டிசம்பர் 29இல் சாரா இறந்தார். உடல் குவியேயிடம் போனது. அவர் அச்சு வார்த்தார், அறுத்தார், வன்கூட்டைத் தனியே எடுத்து வைத்தார். உயிரோடு இருந்தபோது சாரா மறைத்ததையே 1817இல் அறிக்கையாக எழுதி வெளியிட்டார். அதே அறிக்கையில் சாராவுக்கு நல்ல நினைவாற்றல் இருந்ததையும், ஒல்லாந்து மொழி நன்றாகத் தெரியும், ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், பிரெஞ்சும் கற்றுவந்தார் என்பதையும் குவியே பதிவு செய்திருக்கிறார். தனக்கு முன்னால் நின்றவர் பல மொழி பேசும் ஒரு மனிதப் பெண் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவருடைய அசைவுகளைக் குரங்கோடு ஒப்பிட்டார். யானையின் பல்லில் ஒரு நூலளவு வேறுபாட்டையும் தவறவிடாத கண் அது.

நான் உயிரியல் பிரிவில் படிப்பவள். மருத்துவ பீடத்துக்குப் போனால் மனித உடலை அறுத்துத்தான் படிக்க வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. இறந்தவரின் உடலுக்கும் உயிருள்ளவரின் உடலுக்கான கண்ணியம் உண்டு என்று மார்க்கத்தில் படித்தவளும் நானே. படிப்பதற்காக ஒருவர் தானாக மனமுவந்து தரும் உடலும், மறுத்தவரிடமிருந்து மரணத்துக்குப் பின் எடுத்துக்கொள்ளும் உடலும் ஒன்றல்ல. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சிலர் குவியேக்காகப் பேசுகிறார்கள். 1810இலேயே லண்டனில் சாராவுக்காக நீதிமன்றம் போனவர்கள் இருந்தார்கள். எல்லோரும் அப்படியில்லை.

குவியே 1832 மே 8இல் தமது கடைசி விரிவுரையை நிகழ்த்தினார். அடுத்த சில நாட்களில் உடல் செயலிழந்து, மே 13இல் காலமானார். அவருடைய உடலையும் சக அறிஞர்கள் அறுத்துப் பார்த்தார்கள். மூளையை நிறுத்தபோது 1,800 கிராமுக்கும் மேல் இருந்ததாம். சாதாரண மனித மூளை 1,300, 1,400 கிராம் அளவில்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து அறிவுக்கும் மூளை நிறைக்கும் தொடர்பு தேடியவர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். பிறகு அவர் பாரிஸின் பெர் லஷேஸ் மயானத்தில் உரிய மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்.

சாராவின் வன்கூடு பாரிஸ் நூதனசாலைகளில் 1970களின் நடுப்பகுதி வரை காட்சிக்கு இருந்தது. 1994இல் ஜனாதிபதி நெல்சன் மண்டேலா அதைத் திருப்பித் தரும்படி பிரான்ஸிடம் கேட்டார். அதற்கென பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2002இல் சாரா நாடு திரும்பினார். அந்த ஆண்டு ஓகஸ்ட் 9, தென்னாபிரிக்காவின் மகளிர் தினத்தன்று, கம்டூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஹேன்கி என்ற சிற்றூரில், இறந்து 186 ஆண்டுகளுக்குப் பின் அவரை மண்ணில் வைத்தார்கள்.